புதுசு போட்டாச்சு

காப்பி வேண்டாம் ஐயா. குடித்தால் எனக்கு விரல் நடுங்கும். என் வேலைக்கு விரல் நடுங்கக் கூடாது என்பதால் அதை விட்டு இருபது வருஷம் ஆகிறது. தாளும் பேனாவும் கொடுத்ததே போதும். உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் எழுதியதைப் படித்துக் காட்டினார். கையெழுத்து அழகாக இருக்கிறது. எழுதியிருப்பதுதான் தப்பு. அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன்.

அவர் எழுதியிருப்பது இது. பரசுராமன், வயது நாற்பத்திரண்டு, போளூர் ரோட்டில் நசீருதீன் பாய் பட்டறையில் எலெக்ட்ரீஷியன், மில்லிங் மிஷினுக்கு வாங்கிய புது சுவிட்சை விற்கும் எண்ணத்துடன் திருடி வீட்டில் ஒளித்து வைத்துக்கொண்டு, பழைய சுவிட்சையே கவனக்குறைவாகச் சுத்தம் செய்து மாட்டியதால், மிஷின் ஓட்டும் கண்ணாயிரம் அடிபட்டு இறந்துபோனார்.

ஒரே வாக்கியத்தில் இரண்டு பொய். நான் திருடியதில்லை. எந்தச் சுவிட்சையும் கவனக்குறைவாகச் சுத்தம் செய்ததும் இல்லை. எட்டு வருஷமாக அந்தப் பட்டறையில் இருக்கிறேன், ஒரு பல்பு கூட வீட்டுக்கு வந்ததில்லை. இந்த இரண்டும் என் பேரில் கோர்ட்டில் படிக்கப்படுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

உங்களுக்கு மிஷின் பழக்கம் இருக்காது. கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அந்த மில்லிங் மிஷினை பாய் எழுபத்தொன்பதில் மெட்ராஸில் ஏலத்தில் எடுத்தார். மோட்டார் பம்புக்கும் மல்லாட்டைக் கடலை உடைக்கிற மிஷினுக்கும் வேண்டிய பல்சக்கரங்களை அதில்தான் வெட்டுகிறோம். இரும்பைச் சீவுகிற கட்டருக்கு மேல் ஒரு தகர மூடி. மூடியின் அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு சுவிட்சு. மூடி மூடியிருந்தால் அதன் குமிழ் அழுந்தும், மோட்டார் ஓடும். மூடியைத் தூக்கினால் குமிழ் வெளியே வரும், மோட்டார் நிற்கும். ஆள் உள்ளே கைவைத்துச் சீவலை அள்ளும்போது கட்டர் சுற்றாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அதற்கு வேலை.

சுவிட்சுக்குள் கடுகளவு வெள்ளிப் புள்ளிகள் இரண்டு இருக்கும். அவற்றைச் சேர்க்கவும் பிரிக்கவும் மெல்லிய செம்புத் தகடு ஒன்று. எண்பத்தொன்றில் அந்தத் தகடு சோர்ந்துபோக ஆரம்பித்தது. எண்ணெய்ப் பிசுக்கும் இரும்புத் தூளும் கொஞ்சம் சேர்ந்துவிட்டால், மூடியைத் தூக்கியதும் மோட்டார் நிற்கும். அரை நிமிஷம் கழித்து, யாரும் எதையும் தொடாமலே, மறுபடி ஓடும். கழற்றிச் சுத்தம் செய்தால் பத்து நாள், மிஞ்சிப்போனால் பன்னிரண்டு நாள் ஒழுங்காக இருக்கும். அதற்கு மேல் தாங்காது. தகடு சோர்ந்தது சோர்ந்ததுதான். மாற்றத்தான் வேண்டும்.

இதை பாயிடம் மூன்று வருஷமாகச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வீட்டுக்கே வந்து பார்ப்பார். ஆனால் என் பேச்சு மட்டும் அவர் காதில் ஏறாது. "ஓடுதில்ல பரசு? சுத்தம் பண்ணிப் போடு. நீ பண்ணா புதுசு மாதிரி ஆயிடுது" என்பார். பாராட்டுகிற மாதிரியே வாயை அடைத்துவிடுவார். வாயால் சொன்னது போதவில்லை என்று எழுதியும் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அந்தத் தாளை அவர் மேசையில் பார்த்தேன். பின்பக்கத்தில் ஏதோ சக்கரத்துக்கு அளவு குறித்து வைத்திருந்தார்.

பட்டறையில் மற்றவர்களும் அதைப் பார்த்தார்கள். லேத் ஓட்டுகிற வேடியப்பன் எனக்கு சுவிட்சு சாமியார் என்று பெயர் வைத்தான். கிரிவலம் வருகிற இந்த ஊரில் சாமியார்களுக்குக் குறைவில்லை, இன்னொருத்தர் கூடினால் என்ன என்று சிரித்தார்கள். நான் டீக்கடைக்குள் நுழைந்தால் "சாமி வருது, குமிழை அழுத்துங்க" என்பார்கள். நான் பேப்பரைப் பிரித்துப் படிப்பேன். ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

சுவிட்சு வாங்கித் தராததால், ஒரு முறையை நான்தான் ஏற்படுத்தினேன். மூடியைத் தூக்கியதும் கையை உள்ளே விடக் கூடாது. நான்கு எட்டு நடந்து சுவரில் இருக்கிற மெயினை அணைக்க வேண்டும். பிறகுதான் கை. கண்ணாயிரம் அதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஒரு நாளைக்கு நாற்பது சக்கரம் என்றால் நாற்பது தடவை நடப்பான்.

அவனைப் பற்றி நீங்கள் விசாரித்திருப்பீர்கள். எல்லாரும் நல்லவன் என்று சொல்லியிருப்பார்கள். சரிதான், நல்லவன்தான். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை போடுகிற கொல்லை இருக்கிறது. அறுப்பு முடிந்தால் அவன் பெண்சாதி சந்திரம்மாள் மல்லாட்டையை வேகவைத்துத் தூக்கு நிறையக் கொடுத்தனுப்புவாள். அதைப் பட்டறை முழுக்கப் பங்கு போடுவான். முதல் கை எனக்குத்தான் வரும். "பரசண்ணே, சூடா இருக்கு, வாங்கிக்கோங்க" என்பான். முப்பது வயசுக்கு மேல் ஆகியும் வாயெல்லாம் சிரிப்பு. வந்து இரண்டே வருஷம். பாய் அவனைக் கண்ணா என்று கூப்பிடுவார். எனக்கு அவன்மேல் அப்போது எந்தக் கோபமும் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஐப்பசி மாதம் பாய் மெட்ராஸ் போய்விட்டு வந்தார். பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்தார். எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். நான் முன்னால்தான் நின்றேன். பாய் என்னைத் தாண்டிப் போய்க் கண்ணாயிரத்தின் கையில் அந்தப் பெட்டியை வைத்தார்.

"இந்தா கண்ணா, நீ கேட்ட சுவிட்சு. இனிமே நடந்து நடந்து கால் தேய வேணாம்" என்றார்.

கண்ணாயிரம் ஒரு தடவைதான் கேட்டிருந்தான். ஒரே தடவை.

வேடியப்பன் லேத்தை நிறுத்திவிட்டு வந்தான். "சாமியாரு மூணு வருசம் தவம் கெடந்தாரு. வரம் கண்ணாயிரத்துக்குக் கெடைச்சிடுச்சு" என்றான். பாயும் சிரித்தார். கண்ணாயிரம் பெட்டியை என்னிடம் நீட்டினான். "அண்ணே, நீங்களே போட்டுடுங்க. நீங்க போட்டாத்தான் எனக்கு நம்பிக்கை" என்றான்.

அவன் பாயிடம் என்ன சொல்லிக் கேட்டான் என்பது பிறகு தெரிந்தது. "பரசண்ணன் எத்தினியோ வாட்டி சொல்லிட்டாரு பாய், அவரு சொல்றது நாயந்தான், வாங்கிக் குடுத்துடுங்க" என்றானாம். எனக்காகச் சிபாரிசு. நான் ஐ.டி.ஐ. படித்தவன். அவனுக்கு மின்சாரத்தில் அ, ஆ கூடத் தெரியாது. அவன் வாய் வழியாகப் போனால்தான் என் வார்த்தைக்கு மதிப்பு என்று ஆகிவிட்டது. ஒருவன் உங்களை அடித்தால் திருப்பி அடிக்கலாம். உங்களுக்காகப் பரிந்து பேசினால் என்ன செய்வது என்று யோசித்துப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் பள்ளிவாசலுக்குப் போவார், மற்றவர்கள் சாப்பிடப் போவார்கள். அந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். பழைய சுவிட்சைக் கழற்றி என் மேசையில் வைத்துக்கொண்டேன். புதுசையும் பக்கத்தில் வைத்தேன். முதலில் பழையதைத் திறந்து பார்க்கலாம் என்றுதான் திறந்தேன். பழக்கம். பிரஷ்ஷால் தூளைத் தட்டினேன். பிசுக்கை மருந்து தொட்டுக் கழுவினேன். வெள்ளிப் புள்ளிகளில் இருந்த கருப்பை சாமுவா என்கிற மெல்லிய ஆட்டுத்தோல் துண்டால் தேய்த்தேன், உப்புத்தாள் போட்டால் வெள்ளி போய்விடும். தகட்டை நுனி இடுக்கியால் ஒரு மயிரிழை நிமிர்த்தினேன். குமிழை ஐம்பது தடவை அழுத்திப் பார்த்தேன். ஐம்பது தடவையும் ஒரே சத்தம், ஒரே சுத்தம். உங்கள் எழுத்தர் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிற வேலை அதுதான். அதைப் போல ஒரு வேலையை இந்த வட ஆற்காடு ஜில்லாவில் வேறு யாராவது செய்து காட்டட்டும்.

பிறகு அதன் மேல்கூட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். புதுசு மாதிரி மின்னியது. பழைய திருகாணிகள் மரை தேய்ந்திருந்ததால், புதுப் பெட்டியில் இருந்த திருகாணிகளைப் போட்டுப் பழைய சுவிட்சையே மிஷினில் பொருத்தினேன். புது சுவிட்சைக் கைக்குட்டையில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்தேன்.

பாய் தொழுதுவிட்டு வந்தார். "போட்டாச்சா?" என்றார்.

"புதுசு போட்டாச்சு" என்றேன். இந்த விஷயத்தில் நான் பாயிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அவரே மூடியைத் தூக்கி மூடி மூன்று தடவை பார்த்தார். மோட்டார் நின்றது, ஓடியது, நின்றது. "புதுசுன்னா புதுசுதான்பா" என்றார். எனக்கு அப்போது கோபம் வரவில்லை ஐயா, ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தது. நான் சுத்தம் செய்ததற்கும் கம்பெனியிலிருந்து வந்ததற்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு வாரம் போகட்டும், எல்லாரையும் கூப்பிட்டு வைத்து, நீங்கள் புகழ்ந்துகொண்டிருப்பது என் கைவேலையை என்று சொல்லிவிட்டு, அப்புறம் புதுசைப் போடலாம் என்று இருந்தேன். பத்து நாள் கெடு இருந்தது. அந்தக் கெடு எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

கண்ணாயிரம் சனிக்கிழமை முழுக்க வழக்கம்போல் சுவருக்கு நடந்து மெயினை அணைத்தான். பழக்கம் விடவில்லை. திங்கட்கிழமை காலையில் நடந்தான், மத்தியானத்துக்கு மேல் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை மறந்து நடந்துவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான். புதன்கிழமையிலிருந்து அறவே நடக்கவில்லை. மூடியைத் தூக்குவான், கட்டர் நிற்கும், உடனே கையை விட்டுச் சீவலை அள்ளுவான். என் மேசையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வாரம் நாற்பது சக்கரம் ஐம்பதாயிற்று. பாய் அவன் முதுகில் தட்டினார். வேடியப்பன் என்னிடம் வந்து, "கண்ணாயிரம் வாயைத் தொறக்காம இருந்திருந்தா இன்னமும் நீ தொடைச்சிக்கிட்டுதான் இருந்திருப்ப" என்றான். அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். கண்ணாயிரம் குறுக்கே வந்து, "இல்ல வேடி, அண்ணன் சரியாப் போட்டதாலதான் ஓடுது" என்றான். உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு சொல்கிற எண்ணம் எனக்கு வரவில்லை.

வீட்டில் புது சுவிட்சைக் கேழ்வரகு டின்னுக்குள் வைத்திருந்தேன். என் மனைவி மணியம்மாள் கேழ்வரகு அள்ளும்போது பார்த்துவிட்டு, "இது என்னாங்க?" என்று கேட்டாள். "பட்டறை சாமான், அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன். விற்கிறவன் கேழ்வரகில் புதைத்து வைப்பானா? பதினோரு நாளில் விற்க முடியாதா? இதைக் கூட உங்கள் ஆட்கள் யோசிக்கவில்லை.

பதினோராவது நாள் அடுத்த செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணி. மூடி திறந்திருந்தபோது கட்டர் ஓடியது. வலது கை முழங்கை வரைக்கும் போய்விட்டது. மெயினை அணைத்தது நான். துண்டைக் கிழித்து அவன் புஜத்தில் இறுக்கிக் கட்டியதும் நான். பாயின் காரில் பின்சீட்டில் அவன் தலை என் மடியில் இருந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். போளூர் தாண்டும் வரை அவனுக்கு நினைவு இருந்தது. பாய் முன்சீட்டில் அழுதுகொண்டே வந்தார். கண்ணாயிரம் அவரிடம், "அண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்க பாய், அவரு நல்லாத்தான் போட்டாரு" என்றான்.

அந்த நிலைமையிலும் எனக்குச் சிபாரிசு.

மூன்றாம் நாள் வேலூரில் இறந்தான். ரத்தம் நிறையப் போய்விட்டது, புண்ணில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். சந்திரம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் மடியில போட்டு இட்டாந்தீங்களாமே, நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லி அழுதாள். கையை விடுவித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவளுக்கு ஒரு பெண் குழந்தை, நான்கு வயசு இருக்கும். அது தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

பிறகு வேலூரிலிருந்து தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். சுவிட்சைத் திறந்த உடனே இது பழசு என்று சொல்லிவிட்டார். விவரம் தெரிந்தவர். பாய் மெட்ராஸில் வாங்கிய ரசீதைக் காட்டினார். நீங்கள் என் வீட்டுக்கு வந்து கேழ்வரகைக் கொட்டினீர்கள். அதோடு எல்லாம் புரிந்துவிட்டதாக எழுதிவிட்டீர்கள். திருட்டு, கவனக்குறைவு. பாயும் நேற்று லாக்கப் ஜன்னல் பக்கம் வந்து நின்று, "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே பரசு, ஒரு சுவிட்சுக்கா இப்படிப் பண்ண?" என்றார். மூன்று வருஷம் கேட்டவனைப் பார்த்து, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்கிறார். எனக்கு ராத்திரி தூக்கம் வராததற்கு அதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை.

ஆகவே செவ்வாய்க்கிழமை காலையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அப்போது எங்கே இருந்தாய் என்று உங்கள் எழுத்தர் கேட்டதற்கு, மேசையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன் என்றேன். அது சரியில்லை. நான் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பத்து நாள் கெடு முந்தின நாளோடு முடிந்துவிட்டது என்பதால் காலையிலிருந்தே அங்கேதான் நின்றேன்.

ஒன்பதரைக்கு முதல் தடவை பார்த்தேன். மூடியைத் தூக்கி, கட்டர் நின்று, கண்ணாயிரம் கையை எடுத்த பிறகு, கட்டர் அரைச் சுற்று சுற்றி நின்றது. அவன் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டு முதுகைக் காட்டியிருந்தான், பார்க்கவில்லை. பத்து மணிக்கு மறுபடி. அப்போதும் அவன் பார்க்கவில்லை. பத்தரைக்கு அவனே பார்த்துவிட்டான். மூடியைத் தூக்கியிருந்தான், கட்டர் நின்றிருந்தது, கையை நீட்டப் போனான். கட்டர் லேசாக உதறியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். பயந்த முகம் இல்லை. சந்தேகம் கேட்கிற முகம்.

"பரசண்ணே, லேசா ஒதர்ற மாதிரி இருக்குதே. மெயினை அணைச்சிடட்டுமா?" என்றான்.

உங்கள் எழுத்தர் இதைக் கவனக்குறைவு என்று எழுதாமல் இருக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வார்த்தையாக எழுதுகிறேன். நான் நன்றாகக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். தகடு போய்விட்டது என்று எனக்குத் தெரியும். இன்னும் சில நொடிகளில் முழுசாக ஓடும் என்றும் தெரியும். எனக்கு வேறு யோசனை எதுவும் இல்லை, விரல் கூட நடுங்கவில்லை.

"புதுசுடா. ஒண்ணும் ஆவாது, தைரியமா கைய வை" என்றேன்.

சரிண்ணே என்று கையை வைத்தான்.

இவ்வளவுதான் நடந்தது. திருட்டு என்று எழுதியதை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள், எந்தத் தண்டனையானாலும் கையெழுத்துப் போடுகிறேன். கண்ணாயிரத்தின்மேல் எனக்குக் கடைசி வரை எந்தக் குறையும் இல்லை. அந்தப் பட்டறையில் என்னை ஒரு வார்த்தை கேட்டு, நான் சொன்னதை அப்படியே மதித்துச் செய்தவன் அவன் ஒருத்தன்தான்.